புலியை ஓடவிட்டுப் பாருங்கள்

புலி, சிறுத்தை, சிங்கம், கரடி, குரங்கு ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டுவதற்கு 1998-ல் மத்திய அரசு தடை விதித்தது. 2001-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே இன்று நம் சினிமாவில் ஒரு புலி பாய்ந்தால், அது பெரும்பாலும் கணினியில் பிறந்த புலிதான். அந்தப் புலி சில படங்களில் ஈரத்துணி போர்த்திய பொம்மையாகத் தெரியும்போது, “ஹாலிவுட்காரர்களிடம் இருக்கும் மென்பொருள் நம்மிடம் இல்லையே” என்று ஒரு சமாதானம் வருகிறது. அது பாதிகூட உண்மையில்லை. ரெண்டரிங் மென்பொருள் என்பது, உருவாக்கிவைத்த விலங்கின் மேல் ஒளி எப்படி விழும் என்று கணக்கிட்டு இறுதிப் படமாக்கித் தருவது. விளம்பரத்தில் வரும் ஓர் அழகான ஸ்டில்லைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுப்பதில்தான் கோளாறு. எடுக்கப்போகும் படத்திலேயே மிகக் கடினமான ஷாட்டைக் கொடுத்துச் சோதித்த பிறகே அதை வாங்க வேண்டும்.

ஸ்டில்லை ஏன் நம்பக் கூடாது? ரோமத்தை வரையும் கணிதம் இன்று ரகசியமே இல்லை. 1989-ல் கஜியா, கே என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு கரடிப் பொம்மையின் ரோமத்தை வரைந்துகாட்டி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 2003-ல் மார்ஷ்னர் குழுவினர், ஒற்றை மயிரிழையில் ஒளி முக்கியமாக மூன்று விதமாக நடந்துகொள்கிறது என்று அளந்து சொன்னார்கள். ஒரு பகுதி மேற்பரப்பில் பட்டு, இழையின் நிறம் ஏறாத பளபளப்பாகத் திரும்பிவிடுகிறது. இன்னொரு பகுதி இழையைத் துளைத்து மறுபுறம் வெளியேறுகிறது. வெயிலுக்கு எதிரே நிற்கும் விலங்கின் விளிம்பு ஜொலிப்பது இதனால்தான். மூன்றாவது பகுதி உள்ளே புகுந்து, பின்சுவரில் மோதி, இழையின் நிறத்தை வாங்கிக்கொண்டு திரும்புகிறது. 2016-ல் டிஸ்னி குழுவினர் இதை மேம்படுத்தி வெளியிட்ட முறையை, காசில்லாமல் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டரரும் எடுத்துக்கொண்டிருக்கிறது. பிக்சாரின் ரெண்டர்மேன், ஆட்டோடெஸ்க்கின் ஆர்னால்ட் ஆகியவையும் இதே பரம்பரைதான். நல்ல கலைஞர் கையில் எதுவானாலும் ஒரு ஃபிரேமை அழகாக்கித் தந்துவிடும்.

வித்தியாசம் தெரிவது உருவம் அசையும்போது. மயிரிழை பெரும்பாலும் திரையின் ஒரு பிக்சலைவிட மெல்லியது. ஒரே பிக்சலுக்குள் பல இழைகள் நெருக்கியடிக்கும். மென்பொருள் அங்கே போதுமான ஒளிக்கதிர்களை எய்து பார்க்காவிட்டால், ஒரு ஃபிரேமில் ஓர் இழையும் அடுத்ததில் வேறோர் இழையும் சிக்கி, ரோமம் முழுவதும் மினுமினுக்கும். அதை மறைக்க, புள்ளியிரைச்சலைத் துடைக்கும் டீனாய்சரைப் போட்டால் இழைகள் கரைந்து மெழுகுபோல் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை ரோமம் இன்னும் பொல்லாதது. கறுப்பு ரோமத்தில் ஒளி சில தாவல்களிலேயே அடங்கிவிடுகிறது. வெள்ளை ரோமத்திலோ இழைக்கு இழை பல முறை தாவிக்கொண்டே போகும். நேரத்தை மிச்சப்படுத்த அந்தத் தாவல்களை வெட்டினால் முயல்குட்டி அழுக்குச் சாம்பல் நிறமாகிவிடும். இதோடு புழுதியும் புகையும் சேர்ந்தால், புகைக்குள் புகுந்த ரோமத்துக்கு நிழல் சரியாக விழுகிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது நேரம். நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் ஒரு நிமிடத்துக்கு 1,440 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒரே கணினிக்கு 120 நாள் வேலை. பத்துக் கணினிகளுக்கு 12 நாள். “கிராபிக்ஸ் கார்டு போட்டால் பறக்குமே” என்பார்கள். காட்சி முழுவதும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்கினால் பறக்கும்தான். ஆனால் 2001-ல் வந்த ‘மான்ஸ்டர்ஸ், இங்க்’ படத்தில் வரும் சல்லி என்ற ரோமப் பாத்திரத்துக்கே ஏறக்குறைய 23 லட்சம் மயிரிழைகள். அப்படி நாலைந்து விலங்குகள் ஒரே ஷாட்டில் நின்றால் 24 ஜிபி கார்டும் திணறலாம். விலையைப் பேசும்போது, கலைஞர் உட்காரும் கணினியோடு சேர்த்து ரெண்டர் செய்யும் ஒவ்வொரு கணினிக்கும் தனி உரிமம் கேட்கிறார்களா என்பதைப் பார்க்கத் தவறுகிறவர்கள் பலர்.

லாட்வியாவின் ‘ஃப்ளோ’ அனிமேஷன் படம் 2025-ல் ஆஸ்கர் வென்றதே, அது பிளெண்டரின் ஈவி என்ற அதிவேக ரெண்டரரில் உருவானதுதானே, இத்தனை சோதனை எதற்கு என்று கேட்கலாம். அந்தப் படத்தில் வரும் பூனையைக் கவனித்துப் பாருங்கள். அதன் ரோமம் இழை இழையாக எண்ணிப் பார்க்கும்படி அமைந்ததே இல்லை. வண்ணம் தீட்டிய உடல்போன்ற தோற்றத்தை முதலில் முடிவுசெய்துகொண்டு, அதற்குப் போதுமான கருவியை இயக்குநர் எடுத்துக்கொண்டார். நிஜப்புலி வேண்டும் என்று கேட்கும் தயாரிப்பாளருக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை.

கைப்பழக்கம் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. தெரிந்த மென்பொருளில் பத்துப் பேர் வேகமாக ஓடும்போது, சற்றே மேலான ஒன்றுக்கு அவர்களை மாற்றுவது நஷ்டம்தான். அப்படிப்பட்ட நேரத்தில் மாற்றக் கூடாது. அதற்காகச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எதிர்வெயில், வெளிறிய ரோமம், வேகமான ஓட்டம், காலடியில் புழுதி இத்தனையும் சேர்ந்த இரண்டு நொடி, அதாவது 48 ஃபிரேம் போதும். அதைச் சொந்தக் கணினிகளில் ஓட்டி, எடுத்த நேரத்தையும் நினைவகத்தையும் குறித்துக்கொண்டு, பெரிய திரையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இதை ஷூட்டிங் தொடங்கும் முன்பே செய்தால், புலி பகலில் பாய்வதா இரவில் பாய்வதா என்பதை இயக்குநரும் அப்போதே தீர்மானித்துக்கொள்ளலாம்.