பழைய கார்: பாரமா, துணையா?

லயத்து வாசலில் பழைய கார் ஒன்று நின்றால், "இவனுக்கு ஏன் இந்த ஆடம்பரம்?" என்று கேட்போர் இன்றும் உண்டு. நாம் அதை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டோம். ரவாங், கோல சிலாங்கூர் வட்டாரத்தில் உள்ளே தள்ளியிருக்கும் தோட்டங்களுக்குப் பஸ் வராத நேரமே அதிகம். நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் சுங்கை பூலோ மருத்துவமனைக்கு மோட்டார் சைக்கிளிலா கொண்டு போவது? ஆகவே தொழிலாளிக்குக் கார் தேவைதான். அதை எப்படி வாங்குவது, எப்படி வைத்துக் காப்பாற்றுவது என்பதே கேள்வி.

பெரொடுவா தொழிற்சாலை நமக்குப் பக்கத்திலே, சுங்கை சோவில் இருக்கிறது. புரோட்டோன் தொழிற்சாலை தஞ்சோங் மாலிமில் இருக்கிறது. புதுக் கார்கள் நம் கண் முன்னே போகின்றன. நம் கைக்கு வருவதோ பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய சாகாதான். இதில் வெட்கம் என்ன? 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் ஒன்பது ஆண்டுத் தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்வதைவிட, சேர்த்த பணத்தில் பழைய கார் வாங்குவதே புத்திசாலித்தனம். சாகா 1985இல் வெளிவந்த கார். அதன் எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரியாத பட்டறை இந்த வட்டாரத்தில் இல்லை. 1,300 சி.சி. வண்டிக்குச் சாலை வரியும் ஆண்டுக்கு 70 வெள்ளிதான்.

ஆனால் ஒரு குழி இருக்கிறது. அதில் நம் தோழர்கள் பலர் விழுகின்றனர். 'சம்போங் பாயார்' என்று சொல்லி, இன்னொருவர் பெயரில் இருக்கும் காரை வாங்கி, மீதித் தவணையை நாம் கட்டுவதுதான் அது. முன்பணம் குறைவு என்று மயங்கி விடுகிறோம். கடைசித் தவணை கட்டும் வரை அந்தக் காரின் மேல் கடன் கொடுத்தவருக்கே உரிமை. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், 21 நாள் நோட்டீசு கொடுத்து வண்டியைப் பறிமுதல் செய்யலாம். அந்த நோட்டீசு பெயருக்குரியவர் வீட்டுக்குப் போகுமே தவிர, நம் லயத்துக்கு வராது. நாம் கொடுத்த பணத்தை அவர் கட்டாமல் விட்டாலும் கார் போய்விடும். கையெழுத்து நம்முடையது அல்லாதபோது சங்கம் எதைக் காட்டி வாதாடும்? ஆகவே வண்டிச் சோதனை முடிந்து, சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாறுமுன் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுக்க வேண்டாம்.

வாங்கிய பிறகு காப்பாற்றுவது எப்படி? உளியைத் தீட்டாமல் நிரைக்குப் போகும் தொழிலாளி உண்டா? ஆழ வெட்டினால் பட்டை கெடும், மரம் கெடும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காருக்கும் அதே கவனம்தான் வேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரும் எண்ணெயும் பார்க்க வேண்டும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு விற்றவர் வாய்ச்சொல்லை நம்பாமல், வாங்கியதும் மாற்றிவிட வேண்டும். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினே போய்விடக் கூடும்.

இதை நாம் பட்டே சொல்கிறோம். ஒருநாள் பத்து ஆராங் சாலையில் சூட்டு முள் ஏறியது. கூட்டத்துக்கு நேரமாகிறது என்று நிறுத்தாமல் ஓட்டினோம். பத்து வெள்ளி ரப்பர் குழாய் ஒன்றில் கசிவு இருந்தது. அதைக் கவனியாததால் எஞ்சின் தலை வளைந்தது. ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி பட்டறைக்குப் போயிற்று. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு வைத்திருந்த பணம் அது. அன்று முதல் மாதம் 50 வெள்ளியைக் கார் செலவுக்கென்றே தனியாக எடுத்து வைக்கிறோம்.

தோழர்களே! பழைய கார் வாங்குங்கள். சொந்தப் பெயரில் வாங்குங்கள். சம்பள நாளில் அதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். காரை நாம் ஓட்ட வேண்டும். கடன் நம்மை ஓட்ட விடலாகாது.