மால்குடியும் ஆகும்பேயும்

ஆர்.கே. நாராயண் படைத்த மால்குடி ஒரு கற்பனை ஊர். சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ தொலைக்காட்சித் தொடருக்காக, 1980களில் கர்நாடகத்தின் ஆகும்பே அவ்வூராக மாறியது. படப்பிடிப்பு நடந்த இடங்களைக் காணப் பயணிகள் இன்றும் அங்குச் செல்கின்றனர். அவர்களை நடத்திச் செல்லும் வழிகாட்டி, ‘இது சுவாமியின் வீடு’ எனக் காட்டுவதோடு நின்றுவிடலாகாது. அது ஒரு குடும்பத்தின் இல்லம்; இசைவு பெற்றே உள்ளே நுழைதல் வேண்டும். ஆகும்பேக்கும் தனிக்கதை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள அச்சிற்றூர் பெருமழைக்கும் இராஜநாகத்துக்கும் பெயர்பெற்றது. அதன் காட்டைப் பற்றியும் வழிகாட்டி கூறுதல் வேண்டும். கேட்டறிந்த பயணி காட்டில் குப்பையை எறியத் தயங்குவார். கற்பனை ஊரைத் தேடிச் செல்வோர், அதற்கு இடமளித்த உண்மை ஊரை மதித்துத் திரும்புவதே முறை.