பெட்டியைக் கேட்டு எண்ணெய் வாங்குங்கள்

பொள்ளாச்சியில் இருக்கும் என் மாமா மகன் சென்ற மாதம் ஒருநாள் விடிந்தும் விடியாமலும் அழைத்தான். "மச்சான், வண்டி அம்பதுல போனா நடுங்குது. காய்ச்சல்காரன் ஒடம்பு நடுங்குற மாதிரி இருக்கு. வால்பாறைக்கு எடுத்துட்டுப் போகவே பயமா இருக்கு" என்றான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒன்பது வயதான ஜெர்மன் சொகுசு எஸ்யூவி ஒன்றை செகண்ட்-ஹேண்டில் வாங்கியிருந்தான். தென்னை நார்த் தொழிலில் பத்து வருடம் சேர்த்த பணம் அது. வாரம் ஒருமுறையாவது அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் அதை ஏற்றி இறக்குவான். நடுங்கியதாக ஒருநாளும் சொன்னதில்லை.

"கடைசியா வண்டியில என்ன வேலை பாத்தே மாப்ளே?"

"ஒரு வேலையும் இல்ல மச்சான். லட்சத்துப் பத்தாயிரம் ஓடிருச்சேன்னு போன வாரம் கியர் ஆயில் மட்டும் மாத்துனேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் மாத்துனேன்."

"என்ன ஆயில்?"

"செவப்பா இருந்துச்சு. எல்லா ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் போடலாம்னு டப்பாவுலயே போட்டிருந்துச்சு."

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கோவையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் ஹைட்ராலிக் பிரஸ்களோடு இருபது வருடம் இருந்தவன் நான். எண்ணெய் மாற்றிய மறுவாரம் ஓர் இயந்திரம் முரண்டு பிடித்தால் முதலில் எண்ணெய் டப்பாவைத்தான் தேடுவோம்.

இந்த வாரம் முழுப் பத்தியையும் இந்த எண்ணெய்க்கே கொடுக்கிறேன். பழைய சொகுசு வண்டிகள் இப்போது நம் ஊர்களில் பலர் கைக்கு வந்துவிட்டன. அவற்றில் மிகவும் விலை உயர்ந்த உறுப்புகளில் ஒன்றான கியர் பெட்டியைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் பல நேரம் இந்தச் சில லிட்டர் திரவம்தான்.

கையால் கியர் போடும் வண்டியில் எண்ணெய்க்குப் பெரும்பாலும் ஒரே வேலை. பல்சக்கரங்கள் தேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் அது ஐந்து வேலை பார்க்கிறது. இன்ஜினின் விசையைக் கியர் பெட்டிக்குக் கடத்துகிறது. அழுத்தமாகப் பாய்ந்து கிளட்சுகளை மூடித் திறக்கிறது. பல்சக்கரங்களுக்கு மசகாகிறது. சூட்டை வாங்கிக் குளிர்விப்பானுக்குக் கொண்டுபோகிறது. ஐந்தாவது வேலைதான் கடினமானது. கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வழுக்கலாம், எந்த நொடியில் பிடிக்கலாம் என்பதையும் இந்த எண்ணெய்தான் தீர்மானிக்கிறது.

முதல் வேலையைப் பாருங்கள். ஓடுகிற ஒரு மேசை விசிறிக்கு எதிரே ஓடாத இன்னொன்றை வைத்தால், காற்றின் வேகத்தில் அதுவும் மெல்லச் சுற்றும். இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்டர் இப்படித்தான் வேலை செய்கிறது. காற்றுக்குப் பதில் அங்கே எண்ணெய். வண்டி ஓரளவு வேகம் எடுத்ததும், டீசல் வீணாகாமல் இருக்க, கன்வெர்டருக்குள் இருக்கும் ஒரு கிளட்ச் இரண்டு பக்கத்தையும் இணைத்துவிடும். இன்றைய வண்டிகளில் அந்த கிளட்ச் சட்டென்று இறுகுவதில்லை. இழையளவு வழுக்கிக்கொண்டே பிடிக்கும்படி கம்ப்யூட்டர் அதை நடத்துகிறது.

அந்த இழையளவு வழுக்கல் சீராக இருக்க, எண்ணெய்க்குள் உராய்வை மட்டுப்படுத்தும் ரசாயனங்கள் சரியான அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டுகள் பிடித்துப் பிடித்து விடும். மர நாற்காலியைச் சிமெண்ட் தரையில் இழுக்கும்போது டகடகவென்று அதிர்கிறதே, அதே அதிர்வு. என் மாமா மகனின் வண்டிக்கு வந்த காய்ச்சல் அதுதான்.

இந்த உராய்வுக் குணத்துக்காக மனிதன் ஒரு காலத்தில் திமிங்கலத்தையே கொன்றான். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்ற முழு ஆட்டோமேட்டிக் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்த ஜெனரல் மோட்டார்ஸ், 1949இல் டைப் ஏ என்ற பெயரில் இதற்கென்று ஓர் எண்ணெய்த் தரத்தை வகுத்தது. 1967இல் டெக்ஸ்ரான் என்ற புதிய தரம் வந்தது. அந்த எண்ணெய்களில் உராய்வைப் பக்குவப்படுத்த ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டது. நம் கடற்கரையில் அம்பர்கிரீஸ் கடத்தியவர்கள் பிடிபட்டதாகச் செய்தி படிக்கிறோமே, அந்த அம்பர்கிரீஸைத் தருகிற அதே உயிர். 1970இல் அமெரிக்கா ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. திமிங்கல எண்ணெய்க்குக் கதவு அடைபட்டது. ரசாயனக்காரர்கள் மாற்றுச் சேர்மங்களைத் தேட, அந்தப் பத்தாண்டிலேயே டெக்ஸ்ரான்-2 பிறந்தது. நூற்றில் சில பங்கு மட்டுமே இருக்கும் ஒரு சேர்மானம் போனதற்காக எண்ணெயையே புதிதாகச் செய்யவேண்டியிருந்தது. "எல்லா ஆயிலும் ஒண்ணுதான் சார்" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தத் திமிங்கலம்தான் நினைவுக்கு வரும்.

அதன்பிறகு பெட்டிகளும் மாறின. நான்கு கியர் எட்டாகி, சில வண்டிகளில் பத்தும் ஆனது. எண்ணெயும் மெலிந்துகொண்டே வந்தது. பழைய டெக்ஸ்ரான்-3 வகை எண்ணெயின் பாகுநிலை 100 டிகிரி சூட்டில் ஏறத்தாழ 7.5 சென்டிஸ்டோக் என்று இருந்தது. 2005இல் வந்த டெக்ஸ்ரான்-6 புதிதாக இருக்கும்போதே 6.4ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. எட்டு கியர் பெட்டிகளுக்கான எண்ணெய்கள் இதைவிடவும் மெல்லியவை. கெட்டியான எண்ணெய் நல்லது என்ற பட்டறை நம்பிக்கை இங்கே செல்லாது. மெல்லிய எண்ணெயை மனத்தில் வைத்து அளந்து துளைத்த வழிகளில் கெட்டி எண்ணெய் போனால், கிளட்சுக்கு அழுத்தம் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

எந்த எண்ணெய் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? காரின் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்பதுதான் நம் வழக்கம். அங்கேதான் முதல் தவறு. எண்ணெயைத் தீர்மானிப்பது பெட்டி. பல சொகுசு வண்டிகளின் பெட்டியை வண்டிக் கம்பெனிக்காரர்களே செய்வதும் இல்லை. ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் ஊரில், செப்பலின் வான்கப்பல்களுக்குப் பல்சக்கரம் செய்துகொடுக்க 1915இல் தொடங்கிய நிறுவனம் இசட்எஃப். 2009இல் அது வெளியிட்ட 8எச்பி என்ற எட்டு கியர் பெட்டிக் குடும்பம் பிஎம்டபிள்யூ, ஆடி, ஜாகுவார், லேண்ட் ரோவர் என்று பல பெயர்ப் பலகைகளுக்குக் கீழே ஓடுகிறது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகேந்திரா சிட்டியில் பூட்டப்படும் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 வண்டியிலும் இந்தக் குடும்பத்துப் பெட்டிதான்.

இதற்கு நேர்மாறாக, ஒரே பெயரில் வரும் பெட்டிக்கே இரண்டு எண்ணெய் இருப்பதும் உண்டு. மெர்சிடிஸின் ஏழு கியர் பெட்டியில் முன்பு 236.14 என்ற எண் கொண்ட சிவப்பு எண்ணெய் ஓடியது. 2010 முதல் வந்த திருத்திய பெட்டிக்கு 236.15 என்ற நீல எண்ணெய். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி அதே வண்டிதான்.

ஆகவே முதல் வேலை, பெட்டியின் மேல் இருக்கும் பெயர்த் தகட்டைப் படிப்பது. தகடு சேறு படிந்து தெரியவில்லையா? வண்டியின் பதினேழு இலக்க சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால், அந்த வண்டி ஆலையை விட்டு எந்தப் பெட்டியோடு வெளியே வந்தது என்று பார்த்துவிடலாம்.

இரண்டாவது வேலை, டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பது. "ஒப்புதல் பெற்றது" என்பதும் "பொருந்தும்" என்பதும் ஒன்றல்ல. ஒப்புதல் என்றால் பெட்டியைச் செய்தவர்களோ வண்டிக் கம்பெனிக்காரர்களோ அந்த எண்ணெயைச் சோதித்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். மெர்சிடிஸ் எண்களும் இசட்எஃபின் டிஇ-எம்எல் 11 பட்டியலும் அப்படிப்பட்டவை. யாரும் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். "பொருந்தும்", "பரிந்துரைக்கப்படுகிறது" என்பவையெல்லாம் எண்ணெய் விற்பவர் தானே சொல்லிக்கொள்ளும் சொற்கள். பல வண்டிகளுக்கும் பொதுவான எண்ணெய்களில் நல்லவை இல்லாமல் இல்லை. உங்கள் பெட்டிக்கான ஒப்புதல் அதில் அச்சாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. டெக்ஸ்ரான்-3 என்று எழுதிய டப்பாக்கள் இன்றும் கடைகளில் அடுக்கியிருக்கின்றன. அந்தத் தரத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்த உரிமங்கள் 2006 முடிவோடு காலாவதியாகிவிட்டன.

நிறத்தை நம்பவே வேண்டாம். அது சாயம். ஒழுகினால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கச் சேர்க்கப்பட்டது. இசட்எஃபின் எட்டு கியர் எண்ணெய் பச்சை, மெர்சிடிஸின் புதியது நீலம், மற்றவை பெரும்பாலும் சிவப்பு. ஓடி முடித்த பிறகு எல்லாம் பழுப்புதான். எஸ்யூவிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணெய் உண்டு. ஒரே கேனிலிருந்து எல்லாவற்றுக்கும் ஊற்றக் கூடாது.

இனி, "மாற்றவே வேண்டாம், ஆயுள் முழுக்க இதுவே போதும்" என்ற பேச்சு. சில வண்டிக் கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பெட்டியைச் செய்த இசட்எஃப், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில், மாற்றச் சொல்கிறது. எண்ணெயின் எதிரி சூடு. மலை ஏற்றம், இழுவை, நெரிசலில் நின்று நின்று நகர்வது, வெயில் எல்லாம் சேர்ந்து அதை முதுமையாக்குகின்றன. வால்பாறை மலையும் கோவைச் சாலை நெரிசலும் சித்திரை வெயிலும் கண்ட ஒரு பெட்டிக்கு, அந்தக் கணக்கில் கீழ் எல்லையைப் பிடிப்பதே புத்தி. முதல் சொந்தக்காரர் பெரும்பாலும் சில வருடங்களில் விற்றுவிடுவார். ஆயுள் முழுக்க என்ற சொல்லின் சுமை இரண்டாவது, மூன்றாவது சொந்தக்காரர் தலையில்தான் விழும். ஆகவே எண்ணெய் மாற்ற நினைத்த என் மாமா மகனிடம் தவறே இல்லை.

மறுநாள் கோவையில் இந்தப் பெட்டிகளைத் தெரிந்த ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். முப்பது வயதுகூட ஆகாத மெக்கானிக். தகட்டைத் துடைத்துப் படித்தார். வடித்த எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தார். "சார், ஒரு தடவ மாத்துனா முழுசா போகாதுங்க. பாதிக்குப் பக்கமா கன்வெர்டர்லயே நின்னுக்கும். இருநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, இன்னொரு தடவ மாத்திருவோமுங்க" என்றார்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வடிக்கும் திருகைத் தொடுவதற்கு முன்பு, நிரப்பும் திருகு கழல்கிறதா என்று உறுதிசெய்துகொண்டார். வடித்த பிறகு அது கழலாமல் போனால் வண்டி அங்கேயே படுத்துவிடும். அடித்தட்டும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் உறுப்பு என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றினார். எண்ணெய் பார்க்கும் கம்பி இந்தப் பெட்டியில் கிடையாது. வண்டியை லிஃப்டில் சமமாக நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, கியர்களை ஒரு சுற்று போட்டு, லேப்டாப்பில் எண்ணெயின் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது டிகிரி வந்ததும் நிரப்பும் துளையிலிருந்து மெல்லிய நூலாக எண்ணெய் வழிந்தது. உடனே திருகை மூடினார். எண்ணெய் சூட்டில் விரியும். அளவை ஆறிய நிலையில் பார்த்தால் ஒரு கணக்கு, கொதிக்கும்போது பார்த்தால் இன்னொரு கணக்கு. சரியான எண்ணெயையே வாங்கி, இந்த ஒரு படியைத் தவறவிட்டால் எல்லாம் வீண்.

முதல் மாற்றத்தில் நடுக்கம் பாதியானது. இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு ஒரு வாரத்தில் நின்றேபோனது. லிட்டர் விலையில் மிச்சம் பிடிக்கப்போய், மொத்தத்தில் மூன்று முறை எண்ணெய்க்குப் பணம் கொடுத்திருந்தான் அவன். அப்படியே தொடர்ந்து ஓட்டியிருந்தால் கன்வெர்டரையே கழற்ற வேண்டி வந்திருக்கலாம்.

சிவப்பு எண்ணெயை ஊற்றியவர் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. கேட்பது நம் கடமை. வண்டிச் சாவியைக் கொடுப்பதற்கு முன்பு மெக்கானிக்கிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் வண்டியில் இருக்கும் பெட்டியின் பெயர் என்ன? இந்த டப்பாவில் அந்தப் பெட்டிக்கான ஒப்புதல் எண் எங்கே இருக்கிறது? எத்தனை டிகிரி சூட்டில் அளவு பார்ப்பீர்கள்? மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் நிம்மதியாகச் சாவியைக் கொடுங்கள். பதில் வராவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். பழைய எண்ணெய் இன்னும் ஒரு வாரம் தாங்கும். தவறான எண்ணெய் தாங்காது.