கண்ணாடி அறைகலன்களைப் பிரித்துப் பூட்டும்படியே வடிவமைக்க வேண்டும்

நிலைப்பாட்டு அறிக்கை

கண்ணாடி மேசை, அலமாரி, காட்சிப்பெட்டி போன்றவற்றைப் பட்டறையிலேயே ஒட்டி முடித்து அனுப்புவதா, பலகை பலகையாக அனுப்பி வாங்குபவர் வீட்டில் பூட்டுவதா? கண்ணாடி வேலை செய்யும் சிறு பட்டறைகளின் சங்கமாகிய நாங்கள் இதில் எங்கள் முடிவைத் தெளிவாகச் சொல்கிறோம். ஓர் ஆள் கையாளும் எடையில் பலகைகள் இருக்க வேண்டும். அவற்றைத் தட்டையாகக் கட்ட முடிய வேண்டும். பசையில்லாமல் பூட்டவும், உடைந்ததை மட்டும் மாற்றவும் வழி இருக்க வேண்டும். இவை நான்கும் வரைபடத்திலேயே முடிவாக வேண்டியவை.

முதல் காரணம் எடை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, தடிமனில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டரை கிலோ எடை இருக்கும். 180 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம், 12 மி.மீ. தடிமன் உள்ள சாப்பாட்டு மேசையின் மேல்பலகை மட்டும் 48.6 கிலோ. குறுகலாகத் திரும்பும் மாடிப்படியில் அதைச் சுமப்பவர் லோடுமேன். கை வழுக்கினால் வெட்டுப்படுபவரும் அவரே. அதே மேசைக்கு 90க்கு 90 அளவில் இரண்டு பலகைகள் போட்டால் ஒவ்வொன்றும் 24.3 கிலோதான். உடலை ஒட்டி இடுப்பளவில் தூக்கும்போது ஆண்களுக்கு 25 கிலோ, பெண்களுக்கு 16 கிலோ என்பது பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு அமைப்பு தரும் வழிகாட்டு அளவு. எந்தத் தனிப் பலகையும் 25 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வரம்பு. மாடிப்படியில் அதையும் இருவர் பிடித்தே ஏற்ற வேண்டும்.

இரண்டாவது காரணம் அனுப்பும் செலவு. நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொள்வது கூரியர் நிறுவனங்களில் பரவலான வழக்கம். 100 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரமுள்ள காட்சிப்பெட்டியை முழுதாக அனுப்பினால், அட்டையும் மரச்சட்டமும் சேரும் முன்பே 96 கிலோவுக்குக் கட்டணம். ஆறு பக்கமும் 6 மி.மீ. கண்ணாடி என்றால் உண்மையான எடை சுமார் 62 கிலோ. மீதிப் பணம் உள்ளிருக்கும் காற்றுக்குக் கட்டுவது. ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணாடி தயாராகிறது. நம் பட்டறைகளில் கைத்திறனுக்கும் குறைவில்லை. ஆனாலும் சிறு பட்டறையின் வியாபாரம் பக்கத்து ஊரைத் தாண்டாமல் நிற்பதற்கு இந்தச் செலவும் வழியில் உடையும் பயமுமே பெரிய காரணங்கள்.

பிரித்து அனுப்புவது அழகைக் கெடுக்கும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. மிக்கேல் தோனெட் 1859இல் வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலியைப் பிரித்தால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. இசாமு நொகுச்சி வடிவமைத்து, 1947இல் ஹெர்மன் மில்லர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கண்ணாடி மேசையில் ஒரே வடிவிலான இரண்டு மரக் கால்கள் ஒரு கம்பியில் கோத்து நிற்கின்றன. கண்ணாடி தன் எடையாலேயே அவற்றின் மேல் அமர்கிறது. அது இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஷிரோ குராமாதா 1976இல் பலகைகளை ஒட்டியே செய்த கண்ணாடி நாற்காலியையும், ஒரே தகட்டை வளைத்துப் பிறர் வடிவமைத்து 1987இல் வந்த ‘கோஸ்ட்’ நாற்காலியையும் நாங்கள் மதிக்கிறோம். அவை கலைப்படைப்புகள். அன்றாட வீட்டுக்கான பொருளுக்கு நொகுச்சியின் வழியே ஏற்றது.

பட்டறைகள் கவனிக்க வேண்டியவை:

1. கண்ணாடியை டஃபன்ட் கண்ணாடியாக வலுவேற்றச் சூளைக்கு அனுப்பிய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. துளைகளெல்லாம் முன்பே முடிவாக வேண்டும். துளையின் விட்டம் கண்ணாடியின் தடிமனுக்குக் குறையக் கூடாது. விளிம்பிலிருந்து துளை குறைந்தது தடிமனின் இரு மடங்கு தள்ளியிருக்க வேண்டும்.

2. உலோகம் கண்ணாடியை நேராகத் தொடக் கூடாது. இடையில் நைலான் புஷ்ஷும் வாஷரும் வேண்டும். வெயிலில் நிற்கும் லாரியில் வெப்பம் 30 டிகிரி கூடினால் ஒரு மீட்டர் அலுமினியச் சட்டம் அதே நீளக் கண்ணாடியைவிட ஏறக்குறைய 0.4 மி.மீ. அதிகம் நீளும். அந்த இடைவெளியை விடாவிட்டால் துளையோரத்தில் விரிசல் விழும்.

3. டஃபன்ட் கண்ணாடிக்கு முகம் வலிமை, விளிம்பு பலவீனம். மூலைகளுக்குக் காப்பு போட்டு, பலகைகளுக்கிடையே கார்க் துண்டு வைத்து, நிற்க வைத்தே அனுப்ப வேண்டும்.

4. பெட்டிக்குள் தேவையான ஆலன் சாவியும், படத்துடன் தமிழில் அச்சிட்ட பூட்டும் முறையும் இருக்க வேண்டும். எவ்வளவு முறுக்கினால் போதும் என்பதும் அதில் இருக்க வேண்டும். அளவுக்கு மீறி முறுக்குவது கண்ணாடியை உடைக்கும்.

பூட்டிய மேசை ஆடும் என்பதும், பலகைகளைப் பிடிக்கும் கிளாம்பின் செலவு கூடும் என்பதும் நியாயமான கவலைகள். குறுக்குச் சட்டமும் உயரம் சரிசெய்யும் கால்திருகும் ஆட்டத்தை நிறுத்தும். கிளாம்புக்குக் கொடுக்கும் பணம், ஒரு பலகை உடைந்ததற்காக முழு மேசையையும் மாற்றித் தருவதோடு ஒப்பிட்டால் சிறியது. பலகைகள் சந்திக்கும் கோடு கண்ணில் படத்தான் செய்யும். அதை மறைக்காமல் வடிவத்தின் பகுதியாக்குவதே நல்ல வடிவமைப்பு.

பட்டறை நடத்துவோரே, துளை அளவையும் துளைகளுக்கிடையிலான தூரத்தையும் பொதுவாக்கிக்கொள்வோம். ஒரு பட்டறையின் பலகை உடைந்தால் இன்னொரு பட்டறை செய்து தரும் நிலை வரட்டும். வாங்குவோரே, பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐ.எஸ். 2553 தர முத்திரை இருக்கிறதா, உடைந்த பலகை தனியாகக் கிடைக்குமா என்ற இரண்டையும் கேட்டபிறகே முன்பணம் கொடுங்கள். இரண்டுக்கும் ‘ஆம்’ என்று சொல்ல முடியாத பொருளை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.