காது மடல் இல்லைன்னா காது கேக்காதுன்னு யார் சொன்னது?

1/ கொஞ்சம் நீளமான திரெட். படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. ரெண்டு காதையும் விரலால நல்லா அடைச்சுக்கிட்டு "ம்ம்ம்"னு முனகிப் பாருங்க. சத்தம் குறையலை, கூடுதுல்ல? காதை அடைச்சுக்கிட்டு முறுக்கு கடிச்சாலும் இதே கதைதான்.

2/ ஏன்னா அந்தச் சத்தம் காது துவாரம் வழியா வரலை. மண்டை எலும்பு அதிர்ந்து, உள்காதில் நத்தைக்கூடு மாதிரி இருக்கிற காக்ளியாவுக்கு நேரா போகுது. காதுக்கு ரெண்டு வாசல். முன்வாசல் காற்று, பின்வாசல் எலும்பு. முன்வாசல் அடைச்சிருந்தா பின்வாசல் வழியா சத்தத்தை உள்ளே அனுப்பலாம். இதைப் புரிஞ்சுக்கிட்டாலே போதும், மீதி எல்லாம் விளங்கிடும்.

3/ நான் காது மூக்கு தொண்டை நிபுணர் இல்லை. எம்.பி.பி.எஸ். மட்டும்தான். வில்லியனூர், பாகூர் பக்கத்து கிராம மக்களைப் பார்க்கிற அரசு மருத்துவர். ஆனா யார் நிபுணர்கிட்ட போகணும், யாரை "ஒண்ணும் இல்லை, போங்க"ன்னு அனுப்பணும்னு முதல்ல முடிவு பண்றது எங்களை மாதிரி ஆளுங்கதான். தப்பு நடக்கிற இடமும் அதுதான்.

4/ ஒரு அம்மா காய்ச்சலுக்காக ஆறு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு பக்கமும் காது மடல் சரியா உருவாகலை, துவாரமே இல்லை. பேச்சு நாலஞ்சு வார்த்தைதான். "காதுக்குக் காட்டுனீங்களாம்மா?"
"காட்டுனோம் சார். பிறவியிலேயே காது இல்லை, கேக்காது, பெரியவனானதும் பிளாஸ்டிக் சர்ஜரி பண்ணிக்கலாம்னு சொல்லிட்டாங்க."

5/ டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி பக்கத்துல காட்டினேன். அவன்கிட்ட எந்த மாற்றமும் இல்லை. காதுக்குப் பின்னாடி எலும்புல வெச்சேன். கண்ணு விரிஞ்சுது. நான் எடுத்ததும் என் கையைப் பிடிச்சு மறுபடி அதே இடத்துல வெச்சுக்கிட்டான்.

6/ வெறும் அதிர்வை உணர்ந்தானோன்னு எனக்கும் சந்தேகம்தான். அப்புறம் ஆடியோகிராம் எடுத்ததுல தெளிவாச்சு: எலும்பு வழியா அவனுக்கு நம்மளை மாதிரியே கேக்குது. காக்ளியா, நரம்பு எல்லாம் நல்லா இருக்கு.
"அப்ப இவனுக்குக் கேக்குமா சார்?"
"கேக்கும்மா. ஆறு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கணும்."
அதுக்கு மேல அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியலை.

7/ ஆறு வருஷம்னா சும்மா இல்லை. உலகம் முழுக்க இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. 1 மாசத்துக்குள்ள பரிசோதனை, 3 மாசத்துக்குள்ள என்ன குறைன்னு உறுதி, 6 மாசத்துக்குள்ள கருவியோ சிகிச்சையோ. மூளை மொழியைக் கத்துக்கிற முக்கியமான காலம் முதல் சில வருஷங்கள். அது போனா, பிறகு எவ்வளவு விலை கொடுத்தாலும் முழுசா திரும்பாது.

8/ ஏன் தவறுது? பிறந்த குழந்தைக்குச் செய்யிற ஓ.ஏ.இ. பரிசோதனையில காது துவாரத்துல ஒரு முனையை வைப்பாங்க. துவாரமே இல்லாத குழந்தைக்கு எங்க வைக்கிறது? "செய்ய இயலவில்லை"ன்னு எழுதிடுவாங்க. அதோட அந்தக் கோப்பு மூடிடும். அந்தக் குழந்தைக்குத் தேவை எலும்பு வழி பெரா பரிசோதனை. பிறவிச் செவித்திறன் குறை 2013ல் தொடங்கின ஆர்.பி.எஸ்.கே. திட்டப் பட்டியல்லயே இருக்கு. பட்டியல் போட்டாச்சு. கண்டுபிடிச்ச பிள்ளை கருவி வரைக்கும் போய்ச் சேர்ந்ததான்னு யார் பார்க்கிறது?

9/ வைத்தியம் புதுசும் இல்லை. எலும்போடு டைட்டானியம் ஒட்டி வளரும்னு கண்டறிஞ்சவர் சுவீடனின் பிரோனெமார்க். அதை வெச்சு 1977ல் கோத்தன்பர்க் நகரத்துல டாக்டர் ஷெல்ஸ்ட்ரோம் குழு காதுக்குப் பின்னாடி எலும்புல ஒரு சின்ன டைட்டானியம் திருகைப் பொருத்தி, அதுல அதிர்வுக் கருவியை மாட்டினாங்க. எலும்பு வழி இம்ப்ளாண்ட் அப்படித்தான் ஆரம்பம். நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே வந்த வைத்தியம் இது!

10/ கைக்குழந்தைக்கு ஆபரேஷன் வேண்டாம். மண்டை எலும்பு மெல்லிசா இருக்கும், திருகு தாங்காது. அதனால ஒரு துணிப்பட்டையில கருவியைக் கோத்து தலையில கட்டுவாங்க. சாஃப்ட்பேண்ட்னு பேரு. பொதுவா 5 வயசுக்கு மேல இம்ப்ளாண்ட் பத்தி யோசிக்கலாம். இப்ப தோலுக்கு வெளியே எதுவும் நீட்டாத வகைகளும் இருக்கு.

11/ "டாக்டர், இதெல்லாம் பணக்காரங்க வைத்தியம்"னு கமெண்ட் வரும், தெரியும். இம்ப்ளாண்ட் லட்சக்கணக்குல ஆகும், உண்மைதான். ஆனா சட்டைப் பையில வைக்கிற பழைய மாடல் கருவியிலேயே, காதுல சொருகுற முனைக்குப் பதிலா எலும்புல வைக்கிற வைப்ரேட்டரை மாட்டலாம். பார்க்க அழகா இருக்காது. தலையில அழுத்தும். ஆனா அம்மா குரல் கேக்கும். லட்சம் வர்ற வரைக்கும் பிள்ளையின் மூளை காத்திருக்காது.

12/ காக்ளியர் இம்ப்ளாண்ட் பத்தி ஒரு குறையும் சொல்லலை. மத்திய அரசின் அடிப் திட்டத்துல 2014 திருத்தத்துலயே ஒரு குழந்தைக்கு 6 லட்சம் வரைக்கும் ஒதுக்கினாங்க. தமிழ்நாட்டுல முதல்வர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. அருமையான விஷயம். ஆனா அது காக்ளியாவே வேலை செய்யாத பிள்ளைக்கு. எங்க ஊர்ல காது கேக்கலைன்னா எல்லாருக்கும் காக்ளியர் தெரியும். காக்ளியா நல்லா இருக்கிற பிள்ளைக்கு என்ன வழின்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்லை.

13/ சட்டத்தையும் பாருங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி "கேட்கும் திறன் குறைந்தவர்"னா ரெண்டு காதுலயும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருக்கணும். ஒலி போற பாதை மட்டும் அடைச்சு வர்ற இழப்பு எவ்வளவு மோசமானாலும் சுமார் 60ஐத் தாண்டாது. அதாவது இவங்க குறை முடியிற இடத்துலதான் சட்டம் ஆரம்பிக்குது. 55 டெசிபல் இழப்போட கடைசி பெஞ்சுல உக்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு டீச்சர் சொல்றது கேக்காது. ஆனா சட்டத்தின் கண்ணுக்கு அவ நல்லாத்தான் இருக்கா.

14/ காது உருவாகாத பிள்ளைங்க அரிது. பத்தாயிரம், இருபதாயிரம் பிறப்புக்கு ஒண்ணு. ஆனா காதுல சீழ் வடியிற பிள்ளைங்க? 2004ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை 4 சதவீதத்துக்கும் மேல பாதிப்புள்ள நாடுகள் வரிசையில வெச்சுது. சீழ் வடியிற காதுல சாதாரண மெஷினை அடைச்சா சீழ் கூடும். பெரும்பாலானவங்களுக்கு சவ்வு ஆபரேஷனே போதும். அதுலயும் சரியாகாதவங்களுக்கு எலும்பு வழி இருக்கு.

15/ இதுல என் தப்பையும் சொல்லிடறேன். ஒரு பொண்ணுக்கு மூணு வருஷம் திரும்பத் திரும்ப சொட்டு மருந்து எழுதினேன். ஒவ்வொரு தடவையும் சீழைப் பார்த்தேன். "உனக்குக் காது கேக்குதாம்மா?"ன்னு ஒரு தடவை கூட கேக்கலை. பத்தாவதுல ஃபெயில் ஆன பிறகுதான் கேட்டேன்.

16/ அதே நேரம் விளம்பரத்தைப் பார்த்து இம்ப்ளாண்ட்டுக்கு ஓடாதீங்க. வயசான தாத்தாவுக்கு நரம்பு தளர்ந்து வர்ற குறைக்கு இது வழி இல்லை. எலும்பு வழி திறன் நல்லா இருக்கான்னு ஆடியோகிராம் சொல்லாம, யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீங்க.

17/ என்ன வேணும்? ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலைய மேசையிலும் ஒரு 512 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க். விலை சில நூறு ரூபாய். துவாரம் இல்லாத குழந்தை பிறந்தா வீட்டுக்கு அனுப்பும் முன்னாடியே எலும்பு வழி பெராவுக்குத் தேதி. கம்யூன் அளவுல மாசம் ஒரு நாளாவது ஆடியாலஜிஸ்ட் வரணும். பாகூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி கோரிமேடு ஜிப்மர் போய் வந்தா அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. நாலு தடவை அலைய விட்டா அஞ்சாவது தடவை வரமாட்டாங்க. அது அவங்க அலட்சியம் இல்லை, நம்ம ஏற்பாடு.

18/ சக டாக்டர்களே, "காது இல்லை, கேக்காது"ன்னு இனி எழுதாதீங்க. ஃபோர்க்கை எலும்புல வெச்சுப் பார்த்துட்டு அனுப்புங்க. ஒரு காது முழுசா செயலிழந்திருந்தா ஃபோர்க் ஏமாத்தும், அதனால ஆடியோகிராம் கட்டாயம்.

19/ பெற்றோர்களே, ஒரு பக்கம் மட்டும் காது இல்லைன்னாலும் காட்டுங்க. பள்ளியில நல்ல காது டீச்சர் பக்கம் இருக்கிற மாதிரி முதல் பெஞ்ச் கேளுங்க. "வளர்ந்தா சரியாயிடும்"னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. அந்தப் பையன் இப்ப தலைப்பட்டையோட ஸ்கூல் போறான். பேச்சு மெதுவாத்தான் வருது. அவனுக்கு ஆறு வருஷம் போச்சு. உங்க தெருவுல இருக்கிற பிள்ளைக்குப் போக வேண்டாம். பகிருங்க.