ஓடும் கால்களுக்கு என்ன விலை?

பிள்ளைகளோ மருமகன்களோ அமெரிக்காவில் வேலை பார்க்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் நிறைய உண்டு. அங்கே போய் ஆறு மாதம் தங்கி வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று: "செப்டம்பர் பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பேச்சே கிடையாது. மாப்பிள்ளையும் பேரனும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஃபுட்பால் என்கிறார்கள், ஆனால் காலால் உதைக்கிற ஆளையே காணோம்!" அந்த ஆட்டத்தின் விதிகளை எல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை. அதில் ஒரே ஒரு வகை ஆட்டக்காரரை, அதுவும் அவரை விலை பேசும் விதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உழைத்துச் சம்பளம் வாங்கும் எவருக்கும் அந்தக் கதையில் யோசிக்க விஷயம் இருக்கிறது.

அந்த ஆட்டக்காரருக்கு ரன்னிங் பேக் என்று பெயர். அணிக்கு 11 பேர். பந்தை நான்கு முயற்சிக்குள் 10 கெஜமாவது முன்னே கொண்டுபோக வேண்டும். குவார்ட்டர்பேக் என்ற தலைமை ஆட்டக்காரர் ஒன்று பந்தை எறிவார், இல்லையேல் பின்னால் நிற்கும் ரன்னிங் பேக் கையில் கொடுப்பார். முன்வரிசையில் ஐந்து பெரிய உருவங்கள் எதிரிகளைத் தள்ளி வழி திறக்க, அந்த இடுக்கில் புகுந்து இவர் ஓட வேண்டும். ஒரு பருவத்துக்கு 17 ஆட்டம். முக்கிய ஓட்டக்காரர் 250, 300 தடவை ஓடுவார். பெரும்பாலும் ஒவ்வோர் ஓட்டமும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆட்கள் அவரைத் தரையில் சாய்ப்பதோடுதான் முடியும். உடம்பை இவரைப் போல் தேய்த்துச் சம்பாதிப்பவர் அந்த ஆட்டத்திலேயே குறைவு.

ஒப்பந்தம் முடிந்த வீரர், தாம் விரும்பிய அணியோடு பேரம் பேசும் உரிமை 1993-இல் வந்தது. அப்படிக் கட்டு அவிழ்ந்தவரை ஃப்ரீ ஏஜென்ட் என்கிறார்கள். மறு ஆண்டே அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பும் வந்துவிட்டது. 1994-இல் ஓர் அணிக்கு 3 கோடியே 46 லட்சம் டாலர் என்று இருந்த அந்த வரம்பு, 2024-இல் 25 கோடியே 54 லட்சம் டாலர் ஆயிற்று. நம் ஐ.பி.எல். ஏலத்தில் அணிகளின் பணப்பைக்கு அளவு இருப்பது போலத்தான் இதுவும். ஒருவருக்கு அதிகம் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைத்தாக வேண்டும். ஆகவே ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் சந்தை கூடும்போது, யாருக்கு என்ன மதிப்பு என்று கணிப்பதே பெரிய வித்தையாகிவிடுகிறது.

இந்தக் கணிப்பில் அணிகள் இரண்டு விதமாகத் தவறுகின்றன என்பது என் கருத்து. முதலாவது, போன வருடத்துக் கணக்கைப் பார்த்து இந்த வருடத்துக்குக் காசு கொடுப்பது.

இதற்கு டிமார்கோ மர்ரே நல்ல உதாரணம். 2014-இல் டல்லாஸ் அணிக்காக 392 முறை ஓடி 1,845 கெஜம் எடுத்தார். அந்த வருடம் அவரை மிஞ்சியவர் இல்லை. 2015-இல் ஃபிலடெல்ஃபியா அணி ஐந்து ஆண்டுக்கு 4 கோடி டாலர் பேசி அவரைக் கொண்டுவந்தது. அங்கே அவர் எடுத்தது 702 கெஜம். ஓட்டத்துக்கு 4.7 கெஜம் என்று இருந்த சராசரி 3.6-க்கு இறங்கியது.

அவர் போன பிறகு டல்லாஸில் என்ன நடந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். டேரன் மெக்ஃபேடன் என்பவர் அந்த இடத்துக்கு வந்தார். அதற்கு முந்தைய மூன்று பருவங்களிலும் ஓக்லாந்தில் 3.5 கெஜம் சராசரியைக்கூட எட்டாதவர். ஆனால் டல்லாஸில் 2015-இல் 1,089 கெஜம், சராசரி 4.6! ஆள் மாறியும் சராசரி ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஏனென்றால் வழி திறந்துவிட்ட முன்வரிசை மாறவில்லை. டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃப்ரெடரிக், ஜாக் மார்ட்டின் என்று முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்த மூன்று பேர் அந்த வரிசையில் இருந்தார்கள். ஃபிலடெல்ஃபியா விலை கொடுத்து வாங்கிய 1,845 கெஜத்தில் ஒரு பெரும் பங்கு டல்லாஸிலேயே தங்கிவிட்டது.

அப்படியானால் மர்ரே திறமை இல்லாதவரா? அதுவும் இல்லை. 2016-இல் டென்னசி அணிக்குப் போய் 1,287 கெஜம் எடுத்தார். நேராக முன்னோக்கிப் பாய்ந்து ஓடுவது அவருக்கு வாய்த்த வித்தை. ஃபிலடெல்ஃபியாவின் ஆட்டமுறை பக்கவாட்டில் ஓடச் சொன்னது. ஓர் அலுவலகத்தில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர், மாற்றலாகி வேறு ஊருக்குப் போனதும் திணறுவதை நாம் பார்த்ததில்லையா? மூன்றாவது ஊரில் அவரே மறுபடி நிமிர்ந்து நிற்பதையும் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது தவறு, இதற்கு நேர் எதிரானது. சில முறை சூடுபட்ட அணிகள், "ரன்னிங் பேக்குக்குப் பணம் கொடுப்பதே வீண், யார் ஓடினாலும் ஒன்றுதான்" என்ற முடிவுக்கு வந்துவிட்டன. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. டாட் கர்லிக்கு லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி 2018-இல் நான்கு ஆண்டுக்கு 5 கோடியே 75 லட்சம் டாலர் என்று ஒப்பந்தத்தை நீட்டித்தது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. 2020 மார்ச்சில் விடுவித்துவிட்டார்கள். லெவியான் பெல் 1 கோடியே 45 லட்சம் டாலரை வேண்டாம் என்று சொல்லி 2018 முழுவதும் ஆடாமல் இருந்தார். மறு ஆண்டு நியூயார்க் ஜெட்ஸ் அணி அவருக்கு நான்கு ஆண்டுக்கு 5 கோடியே 25 லட்சம் டாலர் பேசியது. ஆனால் அவர் கொடுத்த சராசரி 3.2 கெஜம். 2020 அக்டோபரில் அவரும் வெளியே.

இந்தப் பயம் எங்கே கொண்டுவிட்டது என்றால், 2023-இல் ஒப்பந்தம் முடிந்த வீரரை ஓராண்டு பிடித்துவைக்க நிர்ணயித்த தொகையில், பந்தைப் பிடித்து ஓடும் வைட் ரிசீவருக்கு 1 கோடியே 97 லட்சம் டாலர், ரன்னிங் பேக்குக்கு 1 கோடியே 1 லட்சம். பந்தை உதைப்பதற்கென்றே வைத்திருப்பவர்களைத் தவிர, இவருக்குக் கீழே யாருமே இல்லை.

ஆனால் 2024 மார்ச் சந்தை இந்தப் பொதுவிதியைப் பொய்யாக்கிவிட்டது. ஜாஷ் ஜேக்கப்ஸ் 2022-இல் 1,653 கெஜத்துடன் முதலிடம், 2023-இல் வெறும் 805. கிரீன் பே அணி அந்த ஒரு வருடத்தைப் பார்த்து ஒதுக்கவில்லை. 2024-இல் அவர் 1,329 கெஜம் கொடுத்தார். டெரிக் ஹென்றிக்கு வயது 30. அந்த வேலையில் அது ஓய்வு பெறும் வயது. பால்டிமோர் அணி இரண்டே ஆண்டுக்கு 1 கோடியே 60 லட்சம் டாலர் பேசி எடுத்தது. அவர் 1,921 கெஜம் ஓடினார். சாக்வான் பார்க்லியை நியூயார்க் ஜயன்ட்ஸ் விட்டுவிட, ஃபிலடெல்ஃபியா மூன்று ஆண்டுக்கு 3 கோடியே 77½ லட்சம் டாலருக்குப் பிடித்துக்கொண்டது. முந்தைய ஆண்டு 962 கெஜமே ஓடியவர், 2,005 கெஜம் ஓடினார். அந்த அணி 2025 பிப்ரவரியில் சூப்பர் போல் கோப்பையையும் வென்றது.

உடனே ஒருவர் கேட்கலாம்: "அதுவும் முன்வரிசையின் புண்ணியம்தானே?" நல்ல கேள்வி. பதிலும் கையிலேயே இருக்கிறது. 2023-இல் அதே ஃபிலடெல்ஃபியாவில் ஓடியவர் டியாண்ட்ரே ஸ்விஃப்ட். சராசரி 4.6. அவர் 2024-இல் சிகாகோவுக்குப் போனதும் அது 3.8 ஆனது. பார்க்லியோ நியூயார்க்கில் 3.9, ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்ததும் 5.8. இடம் தரும் உயர்வு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஏறக்குறைய அதே வரிசைக்குப் பின்னால் ஒருவர் 4.6, மற்றவர் 5.8 என்றால், இடையில் இருக்கும் 1.2 கெஜத்தில் ஓடிய காலுக்குப் பங்கே இல்லை என்று எப்படிச் சொல்வது? இடத்தின் பங்கையும் ஆளின் பங்கையும் பிரித்துப் பார்ப்பதுதான் மதிப்பீடு. இரண்டையும் குழப்பினால் அதிக விலை கொடுப்போம், அல்லது நல்ல ஆளை இழப்போம்.

ஆகவே பார்க்க வேண்டியவை நான்கு. ஒன்று, எதிரி மேலே மோதிய பிறகும் எத்தனை கெஜம் இழுத்துக்கொண்டு போகிறார்? அதுதான் அவருடைய சொந்தச் சம்பாத்தியம். இரண்டு, வயதைவிட, இதுவரை எத்தனை முறை அடிபட்டிருக்கிறார்? மைக்கேல் டர்னர் சான் டியேகோவில் டாம்லின்சன் என்ற பெரிய ஆட்டக்காரருக்கு அடுத்த இடத்தில் நான்கு வருடம் காத்திருந்தார். அத்தனை காலத்திலும் 250 முறைகூட ஓடவில்லை. 2008-இல் அட்லாண்டா அழைத்துக்கொண்டது. முதல் ஆண்டே 1,699 கெஜம். மூன்று, ஓடாத நேரத்தில் என்ன செய்கிறார்? எறியும் பந்தைப் பிடிக்கிறாரா, குவார்ட்டர்பேக்கைத் தாக்க வருகிறவனைத் தடுக்கிறாரா? இந்த வேலைகள் கெஜக் கணக்கில் ஏறுவதில்லை. நான்கு, நம் ஆட்டமுறைக்கு அவர் பொருந்துவாரா? ஹென்றி போன பால்டிமோரில் லமார் ஜாக்சன் என்ற குவார்ட்டர்பேக்கே பெரிய ஓட்டக்காரர். இருவரில் யார் ஓடப்போகிறார் என்று எதிரி தயங்கும் அந்த ஒரு கணம் ஹென்றிக்குப் போதும்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒப்பந்தம் குறுகியதாக இருப்பதே நல்லது. தேய்கிற உடம்பு முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு தேய்வதில்லை. 2024-இல் 2,005 கெஜம் ஓடிய அதே பார்க்லி 2025 பருவத்தில் அந்த எண்ணின் அருகில்கூட வரவில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு நல்ல சம்பளம், அதில் பெரும்பகுதி உறுதியான பணம் என்று பேசுவது அணிக்கும் பாதுகாப்பு, வீரருக்கும் மரியாதை.

இனி என் மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். சந்தைக்கு வரும்போது இந்த வீரர் ஏன் தேய்ந்துபோய் வருகிறார்? விதி அப்படி. கல்லூரியிலிருந்து 21, 22 வயதில் அணி அவரைத் தேர்ந்தெடுக்கிறது. 2011 முதல் அவருக்கு நான்கு ஆண்டு நிர்ணயச் சம்பளம். முதல் சுற்று வீரர் என்றால் அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டும் உண்டு. அதற்குப் பிறகும் முன்சொன்ன தொகையைக் கொடுத்து ஓராண்டு கட்டிவைக்கலாம். பார்க்லி 2018-இல் ஆட வந்தார். ஆறு பருவம் ஜயன்ட்ஸுக்கே ஓடி, இடையில் 2020-இல் முழங்கால் கிழிந்து, 27 வயதில்தான் முதன்முறையாகச் சந்தையைப் பார்த்தார். வேறு இடங்களில் ஆடுகிறவருக்கு 27-இல் வாழ்வு ஆரம்பம். இவருக்கு அது பிற்பகல். இளமையில் "உனக்குச் சம்பளம் விதிப்படி" என்கிறார்கள். பிறகு "உனக்கு வயதாகிவிட்டது" என்கிறார்கள். இரண்டு வாதமும் முதலாளி பக்கமே சாய்கிறது.

"வீரர்களின் சங்கமே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தானே?" என்பார்கள். உண்மை. 2020-இல் கையெழுத்தான அது 2030 பருவம் வரை செல்லும். பெரும்பான்மைக்கு ஒத்துவரும் விதி எல்லோருக்கும் நியாயமாகிவிடாது என்பதை அடுத்த பேச்சுவார்த்தையிலாவது அந்தச் சங்கம் உணர வேண்டும். ரன்னிங் பேக்குக்கு முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டாகக் குறைய வேண்டும். கட்டிவைக்கும் உரிமை அவர் விஷயத்தில் கூடாது. மற்றவர்களும் சலுகை கேட்பார்களே என்றால், அவர்கள் உடம்பு எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்று கணக்குக் காட்டட்டும், அவர்களுக்கும் கொடுக்கலாம்.

கோடிகளில் புரளும் ஆட்களுக்காக நாம் ஏன் வருந்த வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். தொகை பெரிது என்பதால் கேள்வி மாறிவிடாது. வள்ளுவர் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்குத் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமும், தேர்ந்தெடுத்தவரைச் சரியான வேலையில் அமர்த்துவதற்குத் 'தெரிந்து வினையாடல்' என்று இன்னோர் அதிகாரமும் வைத்தார். இந்த இரண்டோடு, உழைக்கிற காலத்திலேயே உழைப்புக்கு உரியதைக் கொடுப்பது என்ற மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை பேரன் டி.வி. முன்னால் உட்காரும்போது, "பந்தோடு ஓடுகிறானே, அவனுக்கு இது எத்தனையாவது வருடம்? ஒப்பந்தம் எப்போது முடிகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பையன் திரும்பிப் பார்ப்பான். நல்ல பேச்சு ஒன்று ஆரம்பமாகும்.