கார்டு கையில இருக்கு, டாக்டர் எங்கே? திண்டிவனமும் விழுப்புரமும் கேட்கிற கேள்வி



வீட்டு பீரோவைத் திறந்து பாருங்க. ரேஷன் கார்டு பக்கத்துலயே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கும். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் என்று மேடைக்கு மேடை சொன்னார்களே, அதே அட்டை. இப்போ ஒரு கேள்வி. இன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தா, இந்த அட்டையை வாங்கிக்கிட்டு, அட்வான்ஸ் கேட்காம, உடனே கை வைக்கிற அவசர சிகிச்சை டாக்டர் திண்டிவனத்துல எந்த ஆஸ்பத்திரியில இருக்கார்? பெயர் சொல்ல முடியுமா?

முடியாது. அது உங்க தப்பில்லை. யாரும் உங்களுக்குச் சொல்லவே இல்லை.

ஒரு விஷயத்தை முதல்ல புரிஞ்சுக்கணும். இந்த அட்டை டாக்டருக்கான அட்டை இல்லை, பட்டியலில் உள்ள சிகிச்சைமுறைகளுக்கான அட்டை. ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் 'காப்பீட்டுத் திட்டம் உண்டு' என்று போர்டு தொங்கும். உள்ளே போனால் எலும்பு முறிவுக்கு மட்டும் அங்கீகாரம், தலைக்காயத்துக்கு இல்லை என்பார்கள். 'காப்பீட்டு கவுன்ட்டர் ஆள் காலையில 9 மணிக்குத்தான் வருவார், அதுவரைக்கும் பணம் கட்டுங்க' என்பார்கள். இதயம் 9 மணி வரைக்கும் காத்திருக்குமா?

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று வந்தது. ஆட்சி மாறியதும் 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018-ல் பிரதமரின் திட்டத்தோடு இணைத்தார்கள். அட்டையில் யார் படம் என்பதில் நடந்த சண்டையில் பாதியாவது, ராத்திரி டூட்டிக்கு டாக்டர் இருக்காரா என்பதில் நடந்திருக்கக் கூடாதா?

இன்னொரு சிக்கல் நம்ம ஊருக்கே உரியது. திண்டிவனத்துக்காரங்களுக்கு அவசரம் என்றால் மனசு போவது புதுச்சேரி பக்கம், ஜிப்மருக்கு. மாநில எல்லை தாண்டினால் கணக்கு மாறுது. தமிழ்நாட்டு அட்டை வைத்திருக்கிற எல்லாக் குடும்பமும் பிரதமரின் திட்டத்தில் சேர்ந்தது இல்லை. அட்டை ஒண்ணு போலத்தான் தெரியும், உரிமை ஒண்ணு இல்லை. இதை ஆம்புலன்ஸில் ஏறின பிறகா தெரிஞ்சுக்கிறது?

திண்டிவனம் சாதாரண ஊரா? சென்னை, திருச்சி, புதுச்சேரி, திருவண்ணாமலை என்று நாலு பக்க சாலையும் வந்து முட்டுற இடம். பழைய என்.எச். 45-ல் ஓடுகிற பஸ்ஸும் லாரியும் எத்தனை என்று சாலையோர டீக்கடைக்காரருக்கே தெரியும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் ஒரு நொடியில் காசை உருவுகிறது. அதே சாலையில் அடிபட்டவனுக்கு மட்டும் 'ரெஃபர்', திரும்ப 'ரெஃபர்'. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில் 2010-ல் வந்தது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் செஞ்சி, மேல்மலையனூர், மரக்காணம், வானூர், திண்டிவனம் எல்லாமே அந்த ஒரு வாசலைத்தான் பார்க்கணுமா?

2021 டிசம்பர் 18 அன்று, இதோ பக்கத்து மேல்மருவத்தூரில், 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' தொடங்கினார்கள். நல்ல திட்டம், அதையும் சொல்லத்தான் வேணும். சாலை விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், அட்டை இல்லாவிட்டாலும், வேறு மாநிலத்துக்காரராக இருந்தாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது 81 சிகிச்சைமுறைகள், ஒரு லட்சம் ரூபாய் வரை. ஒன்றிய அரசும் 2025 மே மாதம் விபத்துக்கு 7 நாள், ஒன்றரை லட்சம் வரை என்று அறிவிக்கை வெளியிட்டது. சரி, ரோட்டில் அடிபட்டால்தான் உயிரா? கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்தால்? பூச்சிமருந்து குடித்தால்? பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால்? அந்தப் பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடணும். அதற்கு முன் ஸ்கேன் எடுக்கணும், அதைப் பார்க்கிற டாக்டர் இருக்கணும். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்தவர்களைப் புதுச்சேரிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் தூக்கிக்கொண்டு ஓடினதை நாம பார்த்தோமே.

அவசர சிகிச்சை என்பது தனிப் படிப்பு. இந்திய மருத்துவக் கவுன்சில் 2009-லேயே அதைத் தனித் துறையாக ஏற்றது. 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் என்ன செய்தது தெரியுமா? மருத்துவக் கல்லூரிகளில் கட்டாயம் இருக்க வேண்டிய துறைகளின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது. டெல்லியில் ஒரு வரியை அடித்தால் இங்கே யாருக்கு வலிக்கும் என்று அவங்களுக்கு என்ன கவலை!

சட்டம் இல்லாமலா இருக்கு? 1989 ஆகஸ்ட் 28, பரமானந்த் கட்டாரா வழக்கு. அடிபட்ட ஸ்கூட்டர்காரரை 'போலீஸ் கேஸ், நாங்க பார்க்க மாட்டோம், 20 கிலோமீட்டர் தள்ளிப் போங்க' என்று அனுப்பினார்கள். போகிற வழியிலேயே உயிர் போனது. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, ஃபார்மாலிட்டி எல்லாம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவும் டூட்டி டாக்டருக்கு இதையேதான் சொல்கிறது. 1996-ல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளி ஹக்கீம் ஷேக் வழக்கு வந்தது. ரயிலிலிருந்து விழுந்தவரை அரசு ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. அவசர சிகிச்சை மறுப்பது வாழும் உரிமையையே மீறுவது என்றது நீதிமன்றம். வழக்கை நடத்தியது அவருடைய தொழிலாளர் அமைப்பு. பணக்காரன் போய் வாங்கிக்கொடுத்த உரிமை இல்லை இது.

ஆகவே நம் கோரிக்கை நீளமானது இல்லை. திண்டிவனம் அரசு மருத்துவமனையில் 24 மணி நேரமும் அவசர சிகிச்சை டாக்டரும் ஸ்கேன் எடுக்க ஆளும் வேண்டும். இந்த ரெண்டு ஊரிலும் எந்த ஆஸ்பத்திரி எந்த நோய்க்கு அட்டையை ஏற்கும், ராத்திரியில் யார் டூட்டி என்பதைப் பேருந்து நிலையத்திலும் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் தமிழில் எழுதி ஒட்டணும். அட்டையைக் காட்டியும் அட்வான்ஸ் வாங்கிய ஆஸ்பத்திரியைப் பட்டியலிலிருந்து நீக்கணும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். காப்பீட்டுத் திட்டத்தின் இலவச எண் 1800 425 3993. வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எந்தெந்தப் பிரிவில் அங்கீகாரம் இருக்கு என்று இன்னிக்கே, எல்லாரும் நல்லா இருக்கும்போதே, கேட்டு எழுதி வையுங்க. அட்டை இல்லாதவங்க ரேஷன் கார்டோடும் வருமானச் சான்றோடும் கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போங்க. பாம்புக்கடி என்றால் அட்டையைத் தேடிக்கொண்டு நிற்காதீங்க, 108-க்குப் போன் போட்டு நேரா அரசு ஆஸ்பத்திரி. அங்கே விஷமுறிவு மருந்துக்குக் காசும் கிடையாது, கார்டும் கேட்க மாட்டாங்க.

எந்த ஆஸ்பத்திரியாவது அட்டையை மறுத்தாலோ பணம் கட்டச் சொன்னாலோ, தேதி, நேரம், ரசீது மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நம்ம ஒன்றியத் தோழர்களிடம் கொடுங்க. திங்கட்கிழமை குறைதீர் நாளில் அத்தனையையும் ஒரே கட்டாக ஆட்சியர் மேஜையில் வைப்போம்.